ஒத்தப் பக்கத்துக்காரர்

கரவனெல்லயில் மற்ற வாகனங்களை நிறத்தைச் சொல்லி விசாரிப்பார்கள். ஒத்தப் பக்கத்துக்காரருடைய வேகனை மட்டும் சாய்வைச் சொல்லி விசாரிப்பார்கள். "சாஞ்ச வேகனா? இப்பத்தான் ஆஸ்பத்திரிப் பக்கம் போச்சு" என்று சந்தியில் நிற்கும் த்ரீவீல்காரர் தலையைத் தூக்காமலே பதில் சொல்வார்.

ஒத்தப் பக்கத்துக்காரர் என்பது ஒரு தனி ஆளின் பட்டப்பெயர் இல்லை. கேகாலைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்த வகையில் ஒருவராவது அகப்படுவார். எது உடைந்ததோ அதை மட்டும், உடைந்த அளவுக்கு மட்டும் திருத்துவார். அதற்கு ஜோடி என்று ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார். தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடித்தால் ரோட்டைப் பார்த்த சுவருக்கு மட்டும் அடிப்பார். டாக்டர் ஏழு நாளைக்கு மருந்து எழுதினால் பார்மசியில் மூன்று நாளைக்கு வாங்குவார்; காய்ச்சல் விட்டுவிட்டால் மிச்சம் நாலு நாள் மருந்து யாருக்கு? மூக்குக்கண்ணாடியில் ஒரு வில்லை கீறிப்போனது. அந்த ஒன்றை மட்டும் புதுப் பவருக்கு மாற்றினார். மற்றக் கண் இன்னும் பழைய பவரிலேயே உலகத்தைப் பார்க்கிறது. கூரையில் ஒழுகும் தகரத்தை மட்டும் மாற்றுவார். புதுத் தகரத்துக்கு அடித்த ஆணி பக்கத்துத் தகரத்தில் புது ஓட்டை போடும். அடுத்த மழைக்கு அந்தத் தகரம். இப்படியே கூரை முழுவதையும் மாற்றியிருக்கிறார், ஆனால் ஒருநாளும் முழுக்கூரையாக அல்ல.

இதற்கு நம்ம கரவனெல்லக்காரரிடம் ஒரு தத்துவம் உண்டு. மனிதர் றப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். றப்பர் மரத்தில் பால் வெட்டும்போது சுற்றிவர முழு வட்டமாகக் கீறுவதில்லை; அரைச் சுற்று, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்த பிறகுதான், வருடக்கணக்கில் கழித்து, மறுபக்கம் போவார்கள். காலம் முழுக்க அதை மேற்பார்வை பார்த்தவரிடம் போய் ஜோடி, சமம் என்றெல்லாம் பேசினால் எடுபடுமா?

"மரத்துல ஒரு பக்கந்தான் வெட்டுனோம். எந்த மரம் சாஞ்சிச்சு, சொல்லுங்க பாப்போம்."

தேத்தண்ணிக் கடையில் இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். "அவிசாவளையிலேருந்து இந்த வழியா யட்டியாந்தோட்டைக்கு ரயில் ஓடுச்சே, வெள்ளக்காரன் ஒத்தத் தண்டவாளமா போட்டான்?" உண்மைதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டரை அடி அகலப் பாதையில் இங்கே ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நம்மவர் சளைக்கவில்லை. "ரெண்டு போட்டதாலதானே ரெண்டும் போச்சு."

இனி வேகனுக்கு வருவோம். முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் வேகன். பின்னால் இலைவில் கிடையாது. கொயில் ஸ்பிரிங்கும் அதற்குள்ளே ஷொக்கும் சேர்ந்த ஸ்ட்ரட், பக்கத்துக்கு ஒன்று. இருக்கை ஐந்து. ஏறுபவர் தொகையைச் சொன்னால் பொலிஸுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். திருவிழாவுக்குப் போகும்போது ஆட்களோடு அரிசி மூட்டையும் பலாக்காயும் டிக்கியில் ஏறும்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் கிழடாகக் கிழடாக விலை ஏறிய ஒரே பொருள் வாகனம். "நான் வாங்குன வெலைக்கு மேலயே கேக்குறானுக" என்று நம்மவர் வேகனைத் தடவிக்கொள்வார். அவ்வளவு பெறுமதியான சாமானுக்கு ஒரு ஸ்பிரிங் போடக்கூடாதா என்றால், "நகை வெச்சிருக்கவன் நகைக்கு ஸ்பிரிங்கா மாத்துறான்?" என்பார். இந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்பிரிங் உடைந்த அன்று பின்னாலிருந்து "டக்" என்றொரு சத்தம் வந்தது. டிக்கியில் ஜெக் ஆடுகிறது என்று தீர்மானித்து ஜெக்கை வீட்டில் இறக்கி வைத்தார். (நடுவழியில் டயர் காற்றுப் போனபோது அது வீட்டில் பத்திரமாக இருந்தது.) சத்தம் நிற்கவில்லை. அடுத்ததாகப் பழி மனைவியின் வெற்றிலைப் பெட்டிமேல் விழுந்தது. அதற்குப் பிறகு சத்தம் பழகிவிட்டது. வருடா வருடம் லைசன்ஸ் எடுக்குமுன் வாகனத்துக்குப் புகைப் பரிசோதனை செய்ய வேண்டும் அல்லவா, அதில் வேகன் பாஸாகிவிட்டதை அவர் பெரிய சாட்சியாகக் காட்டுவார். அந்தப் பரிசோதனை புகையை மட்டும்தான் பார்க்கிறது. ஸ்பிரிங் எத்தனை துண்டாக இருந்தாலும் அது புகை விடாது.

கொயில் ஸ்பிரிங் பெரும்பாலும் உடைவது அடிச்சுற்றில். அது உட்காரும் கிண்ணத்தில் சேறும் தண்ணீரும் தேங்கும், உரசி உரசிப் பெயின்ட் போகும், துரு சின்னதாக ஒரு குழி தோண்டும், அந்தக் குழியிலிருந்து வெடிப்பு ஓடும். தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி முழுசாகக் கொட்டும் பக்கம் இது. ரோட்டோரப் பள்ளமெல்லாம் இடப்பக்கச் சில்லுக்கு. ஆக இடப்பக்கம் முதலில் போனதில் அதிசயம் இல்லை. உடைந்த துண்டை அவர் ரோட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, துடைத்து, வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார்.

"மாத்தயா, ஸ்பிரிங் பதம் போட்ட இரும்பு" என்றார் வெல்டிங் பாஸ். "நான் சூடு காட்டினா பதம் போயிரும். ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே திரும்ப ஒடையும்."

வெல்டிங்காரர் வேலை வேண்டாமென்று சொல்வது அபூர்வம். அப்படியும் நம்மவர் நேரே கராஜுக்குப் போகவில்லை. பழைய டயரில் ஒரு துண்டு வெட்டி, மிச்சமிருந்த சுற்றுகளுக்கு நடுவே செருகினார். றப்பர்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சுற்றிவர றப்பர் தோட்டம், ஆனால் ஸ்ட்ரட்டுக்கு வேண்டிய றப்பர் புஷ் மட்டும் கடல்தாண்டி டப்பாவில் வருகிறது. பால் இங்கே வெட்டப்படுகிறது, புஷ் அங்கே செய்யப்படுகிறது.

டயர்த் துண்டோடு அவர் ஓட்டிய மாதங்களில் அந்த வேகனில் கித்துல்கலவுக்குப் போனவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். கித்துல்கலவில் வெளிநாட்டுக்காரர்கள் காசு கட்டி, தலைக்குக் கவசம் போட்டு, களனி கங்கையில் றப்பர்ப் படகில் குலுங்கிக் குலுங்கிப் போகிறார்கள். நம்மவர் அதே அனுபவத்தைக் கரவனெல்லயிலிருந்தே, கவசம் இல்லாமல், இலவசமாகக் கொடுத்தார்.

கடைசியில் கராஜ். பாஸ் வேகனின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அமுக்கி விட்டார். நல்ல ஷொக் என்றால் அமுக்கியதும் ஒருதரம் எழும்பி அடங்க வேண்டும். பின்பக்கம் இரண்டும் அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தன. கீழே குனிந்து பார்த்தால் இரண்டு ஷொக்கிலும் எண்ணெய் வடிந்து தூசி அப்பியிருந்தது.

"ரெண்டு பக்கமும் போடணும் மாத்தயா. ஸ்பிரிங்கும் ஷொக்கும்."

"ஒன்னுதானே ஒடஞ்சிருக்கு?"

"ஒடஞ்சது ஒன்னு. களைச்சது ரெண்டு. புதுசு ஒசந்து நிக்கும், பழசு தணிஞ்சு நிக்கும். பின்னாடி எடது ஒசந்தா பாரம் முன்னாடி வலதுல போய் ஏறும். பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்கும். டயர் அலை அலையாத் தேயும்."

"டயர் தேஞ்சா, தேஞ்ச டயர மாத்திக்கலாம்."

பாஸ் அதற்குமேல் பேசவில்லை. அனுபவசாலி.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காத வாகனச் சாமான் இல்லை என்பார்கள். ஜப்பானில் கழற்றிய பழைய உடம்புகள் அங்கே மலையாகக் கிடக்கும். நம்மவர் பஸ்ஸேறிப் போய் ஒற்றை ஸ்ட்ரட் கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜோடியாத்தான் தருவேன். ஒன்னு ஒங்களுக்குக் குடுத்துட்டா மத்தத நான் காதுலயா மாட்டிக்கிறது?"

வேறு யாராக இருந்தாலும் ஜோடியை வாங்கியிருப்பார், அல்லது வெறுங்கையோடு திரும்பியிருப்பார். நம்மவர் கடை வாசலிலேயே நின்றார். வருவோர் போவோரிடம் எந்த வாகனம், எந்தப் பக்கம் என்று விசாரித்தார். அதே மாதிரி வேகன், வலப்பக்கம் உடைந்தது, ஒன்றுதான் வேண்டும் என்று ஒருவர் அகப்பட்டார். அவர் புளத்கொகுபிட்டியக்காரர்! ஊரில் பக்கத்துப் பக்கத்து ரோட்டில் ஓடிக்கொண்டு, சந்திக்கக் கொழும்புக்கு வந்திருக்கிறார்கள். ஜோடியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து, பேரம் பேசிக் குறைத்த காசையும் பாதியாகப் பிரித்து, தேத்தண்ணிக் காசையும் பாதியாகக் கொடுத்துவிட்டு, ஒரே பஸ்ஸில் மடியில் ஆளுக்கொரு ஸ்ட்ரட்டை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

மாட்டுகிற வேலையை நான் கிட்டவிருந்து பார்த்தேன். வேகனை ஜெக்கில் தூக்கி, மரக்கட்டைகளில் நிறுத்தி, துருப்பிடித்த நட்டோடு பாஸ் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார். ஸ்ட்ரட் வெளியே வந்தது. சேர்த்து வாங்கியது புழுதிபிடித்த பழைய ஸ்ட்ரட், எனவே ஸ்பிரிங்கைக் கழற்றி மேல் மவுண்டையும் புஷ்ஷையும் மாற்ற வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் உண்டு: கொக்கி போட்ட இரண்டு நீட்டுப் போல்ட், எதிரெதிரே மாட்ட வேண்டியவை. அமுக்காமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாயும். பாய்ந்த ஸ்பிரிங் பல்லையும் எடுக்கும், ஆளையும் எடுக்கும். சில இடங்களில் கயிற்றைக் கட்டிச் சமாளிக்கிறார்கள். அந்த வேலை நடக்கும் கராஜில் வாசலுக்கு வெளியே நிற்பது நல்லது.

பாஸ் ஒரு போல்ட்டை ஒரு சுற்று, மற்றதை ஒரு சுற்று என்று மாறி மாறி முறுக்கினார். நம்மவருக்குப் பொறுமை இல்லை. "ஒரு பக்கத்த முழுசா முறுக்கிட்டு அப்புறம் மத்தத முறுக்குனா என்னா?"

"முறுக்கலாம். ஸ்பிரிங் வளைஞ்சு மாத்தயா நிக்கிற பக்கமாப் பாயும்."

நம்மவர் நாலடி பின்னால் போனார். அவர் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று விரும்பியது அந்தப் பத்து நிமிடம்தான்.

வேகன் தரைக்கு இறங்கியது. அதுவரை இடப்பக்கம் சாய்ந்திருந்த வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. சுற்றிநின்றவர்களில் ஒரு பழைய சமசமாஜக்காரர் பெருமூச்சு விட்டார். ருவன்வெல்லயும் யட்டியாந்தோட்டையும் இடதுசாரிச் சமசமாஜத் தலைவர் டாக்டர் என். எம். பெரேராவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொகுதிகள். இடப்பக்கச் சாய்வு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1977இல் அவரையும் தோற்கடித்து வலப்பக்கம் சாய்ந்தார்கள். "அப்பவும் இப்புடித்தான், ஒரே நாள்ல" என்றார் அவர்.

புளத்கொகுபிட்டியக்காரருக்கு வலப்பக்கம் புதுசு, எனவே அவர் வண்டி இடப்பக்கம் தாழ்ந்தது. கேகாலை ரோட்டில் இரண்டும் எதிரெதிரே வரும்போது காண வேண்டும். நம்மவர் வேகன் எதிர்வண்டியைப் பார்த்துக் குனியும். அந்த வேகன் கும்பிடு வாங்கிக்கொண்ட முதலாளியாகப் பின்னுக்குச் சாய்ந்து கடந்துபோகும். இரண்டு பேரும் ஹோன் அடித்துக்கொள்வார்கள்.

பாஸ் சொன்னது நடக்காமல் போகவில்லை. வலப்பக்கம் அடுத்த மாரியில் உடைந்தது. மறுபடி ஒற்றை, மறுபடி பங்காளி தேடல், மறுபடி கராஜ் கூலி, மறுபடி அலைன்மென்ட். அதற்குள் இடப்பக்கத்துப் புதுசு பழசாகிவிட்டது. ஜோடியாக ஒரேயடியாகப் போட்டிருந்தால் கூலி ஒன்றோடு முடிந்திருக்கும். கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தோட்டத்தில் சம்பளம் ஒருதரம், அட்வான்ஸ் ஒருதரம் என்று மாதமே இரண்டு பாதியாகத்தான் கைக்கு வந்தது. கைக்கு முழுசாக வராத காசில் வளர்ந்த ஆளுக்கு முழுசாகச் செலவழிக்கக் கை வராது. அவரைப் பார்த்துச் சிரிக்கிற நானும் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். லயத்தில் நடுச்சாமத்தில் யாருக்காவது இடுப்புவலி கண்டால், பாம்பு தீண்டினால், முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். ஒருதரமும் முடியாதென்று சொன்னதில்லை. சாய்ந்த வேகன் மழையிலும் இருட்டிலும் கரவனெல்ல ஆஸ்பத்திரி வரை போகும். போகும்போது சதம் வாங்க மாட்டார். திரும்பி வரும்போதுதான் பெட்ரோல் காசு கேட்பார், அதுவும் வந்த பக்கத்துக்கு மட்டும்.

ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங்கை ஜோடியாக வாங்குங்கள், ஷொக்கையும் சேர்த்து. கடை வாசலில் நரைத்த தலையும் இரண்டு பவர்க் கண்ணாடியுமாக ஒருவர் கிட்டே வந்து, "தம்பி, ஒங்களுக்கு எந்தப் பக்கம் ஒடஞ்சிருக்கு?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிடுங்கள்.