பெல்ட்டியல்: நிறமும் திறமும் குறித்த ஓர் ஆராய்ச்சி

தமிழில் இதுவரை எவரும் கைவைக்காத துறைகளுள் பெல்ட்டியலும் ஒன்று. சங்கப் பாடல்களுக்கு உரை எழுதியாயிற்று, கல்வெட்டுகளைப் படியெடுத்தாயிற்று, இட்லி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று அடித்துக்கொண்டும் ஆயிற்று. ஆனால் கராத்தே வகுப்புக்குப் போகும் பிள்ளையின் இடுப்பைச் சுற்றியிருக்கும் அந்தத் துணிப்பட்டை, பிள்ளைக்குச் சண்டை தெரியும் என்பதற்குச் சான்றா அல்லவா என்று ஆராய்ந்த ஏடு ஒன்றும் கண்ணில் படவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை. இதற்கு நிதி நல்கிய நிறுவனம் எதுவும் இல்லை. பெல்ட் டெஸ்ட்டுக்குக் கட்டணம் கட்டிய பெற்றோரே இதன் புரவலர்கள்.

முதற்கண் தோற்றம். பெல்ட் முறை ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பாரும் உளர்; காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் கையோடு கொண்டுபோனது என்பாரும் உளர். பின்னவர் கூட்டம் ‘ஏழாம் அறிவு’ படம் வந்தபின் பெருகிற்று. இரண்டும் பொருந்தா. என்னை? இம்முறையைத் தொடங்கியவர் துறவியும் அல்லர், சாமுராயும் அல்லர், பள்ளிக்கூட வாத்தியார். 1882-இல் தோக்கியோவில் ஒரு புத்த கோயிலில் கொடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, மறுஆண்டே தம் மாணவர் இருவருக்கு ‘முதல் டான்’ வழங்கினார். டான் என்ற தரவரிசையை அவர் எடுத்தது போர்க்களத்திலிருந்து அன்று. ‘கோ’ எனப்படும், கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் பலகை ஆட்டத்திலிருந்து. சம்மணம் போட்டு ஆடுவோரின் வரிசை, தூக்கிப் போட்டு ஆடுவோருக்கு வந்து சேர்ந்தது. டான் பெற்றோர் கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கம் அதன்பின் சில ஆண்டுகளில் வந்தது. ஊருக்கெல்லாம் டான் கொடுத்த கானோ, தமக்கென்று ஒன்றும் கொடுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கவேண்டும் என்றால் தேர்வு வைப்பது யார்?

கராத்தேக்கு இது இன்னும் பிந்தி வந்தது. ஓகினாவா தீவில் தலைமுறை தலைமுறையாகக் கைகால் வீசிய பெரியவர்கள் எவருக்கும் பெல்ட் கிடையாது. ஜப்பானின் பெருநிலத்துக்குக் கராத்தேயைக் கொண்டுவந்த ஃபுனகோஷி கிச்சின், கானோவைப் பார்த்து, 1924-இல்தான் முதன்முதலாகக் கறுப்பு பெல்ட் வழங்கினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா என்று வானவில்லை இடுப்பில் இறக்கியது ஐரோப்பா. 1930-களில் பாரிசில் ஜூடோ கற்பித்த கவாயிஷி இவ்வண்ணங்களைப் பரப்பினார். பத்து வருடம் வெள்ளையாகவே இரு என்றால் பாரிஸ்காரர் இருக்கமாட்டார். நம் அண்ணாநகர்க்காரரும் இருக்கமாட்டார்.

வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே கட்டியதால் அழுக்கேறிக் கறுப்பாயிற்று என்பது கராத்தே வகுப்புகளில் வழங்கும் ஒரு தலபுராணம். அழுக்கேறி ஒரு பெல்ட் இடையில் ஊதாவாகும் என்றால், மருத்துவரைப் பார்க்கவேண்டியவர் அதைக் கட்டியவரே. உண்மையில் நடப்பது நேர்மாறு. கறுப்பு பெல்ட்டின் மேலுறைதான் கறுப்பு. உள்ளே வெள்ளைப் பருத்தி. வருடக்கணக்கில் முடிச்சுப் போட்டுப் போட்டு, முடிச்சு விழும் இடத்தில் மேல்நூல் தேய்ந்து, உள்வெள்ளை எட்டிப் பார்க்கும். பழைய மாஸ்டர்களின் பெல்ட் அநேகமாக வெள்ளையாகவே தெரியும். எனவே நிறத்தை விடுத்து நூல் பிரிவை அளப்பதே முறை என்று ஓர் ‘நூல்பிரிவுக் குறியீட்டை’ இவ்வாய்வாளர் முன்மொழிய இருந்தார். உப்புத்தாள் தேய்த்தால் ஒரே மாலையில் இருபது வருட அனுபவம் கிடைத்துவிடும் என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டவே, அம்முன்மொழிவு கைவிடப்பட்டது.

இனி இக்கட்டுரையின் மையப்பொருள். ஓர் அளவுகோல் திறத்தைக் காட்டவேண்டும் என்றால் அது ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். காய்ச்சல் விட்டபின்னும் 103-இலேயே நிற்கும் தெர்மாமீட்டரை எவரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. பெல்ட்டோ ஏற மட்டுமே தெரிந்தது. பதினாறு வயதில் கறுப்பு வாங்கி, கல்லூரி, வேலை, கல்யாணம், சர்க்கரை என்று முப்பது வருடம் டோஜோ என்ற பயிற்சிக்கூடத்தின் பக்கமே போகாதவரும் இன்றைக்குக் கறுப்பு பெல்ட்டே.

இதே ஜப்பானில் இறங்கும் தரவரிசையும் உண்டு, அதுதான் சுமோ. ஆண்டுக்கு ஆறு போட்டித் தொடர், ஒவ்வொன்றும் பதினைந்து நாள். பொதுவாக மேல்தட்டு வீரர் எட்டுப் பந்தயம் வென்றால் ஏற்றம், எட்டுத் தோற்றால் இறக்கம். தெருனொஃபுஜி என்ற மங்கோலிய வீரர் 2015-இல் ஓசெக்கி என்ற இரண்டாம் உச்சநிலையை எட்டினார். முழங்காலும் உடல்நலமும் கெட, சரிந்து சரிந்து, 2019-இல் ஆறு தட்டுகளில் கீழிருந்து இரண்டாவதில் போய் விழுந்தார். அங்கே பையன்களோடு மோதி மறுபடி ஏறி, 2021-இல் யொகொசுனா என்ற முதல் உச்சநிலையை எட்டினார். யொகொசுனா மட்டும் இறங்குவதில்லை. தோற்றுக்கொண்டே இருந்தால் ஓய்வு பெறுவதே வழக்கம். நம் கறுப்பு பெல்ட்காரர் ஒருவர் மஞ்சளுக்கு இறக்கப்பட்டு, எட்டு வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நிற்பதை எண்ணிப் பார்க்கவும். அப்படி ஒரு விதி வந்தால் மறுநாளே பாதி டோஜோக்களில் உடற்பயிற்சி தொடங்கும்.

பெல்ட் இறங்கிய வரலாறே இல்லையோ எனின், உண்டு. 2013-இல் உலக டேக்வாண்டோ அமைப்பு விளாதிமிர் புதினுக்குக் கௌரவ ஒன்பதாம் டான் வழங்கியது; 2022-இல் திரும்பப் பெற்றது. உக்ரைன் மீது படையெடுத்ததே காரணம். காலை உயரத் தூக்கவில்லை என்பதற்காக அன்று. தந்ததும் உயரத் தூக்கியதற்காக அன்று. இடையே 2021-இல் சியோலில் உள்ள குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகம், டொனால்டு டிரம்புக்கும் இதே ஒன்பதாம் டானை வழங்கியது. ஒன்பதாம் டானுக்கு ஒரு கொரியர் வாழ்நாள் முழுதும் உதைக்கவேண்டும். கௌரவ டாக்டர் பட்டங்களைப் பற்றி இவ்விடத்தில் ஒன்றும் கூறாமல் விடுகிறோம். நம் மாநிலத்தில் அது தனி ஆய்வு.

உலகிலேயே உயர்ந்த களத்தில் பெல்ட்டுக்கு என்ன மதிப்பு என்பதையும் பார்த்தோம். தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே சேர்க்கப்பட்டபோது, களமிறங்கியவர்கள் இடுப்பில் கட்டியது கறுப்பு அன்று; ஒருவர் சிவப்பு, எதிராளி நீலம். நடுவருக்கு ஆளை அடையாளம் தெரிந்தால் போதும். அங்கே ஆண்கள் கனரகப் பிரிவின் இறுதிப்போட்டியில் சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் விட்ட ஓர் உதையில் ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே மல்லாந்தார். கட்டுப்பாடில்லாத உதை என்று ஹமெதி நீக்கப்பட, நினைவின்றி ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம். பெல்ட்டை விட்டுத் திறத்தைப் பார்ப்போம் என்று வந்த இவ்வாய்வாளர் இங்கே சற்றுத் தடுமாறியது மெய்.

நிறமே இன்றித் தரம் காட்டும் கலைகளும் உண்டு. ஜப்பானிய வாட்பயிற்சியான கெண்டோவில் டான் உண்டு, நிறமில்லை. முதல் டான்காரரும் எட்டாம் டான்காரரும் ஒரே மாதிரி கவசத்தில்தான் நிற்பர். அந்த எட்டாம் டானுக்கோ 46 வயது ஆகியிருக்கவேண்டும், ஏழாம் டான் வாங்கிப் பத்து ஆண்டு கழிந்திருக்கவேண்டும். அப்படி வந்து எழுதுவோரிலும் நூற்றுக்கு ஒருவர் தேறினாலே பெரிது. நம் சிலம்பத்துக்கும் வழிவழியாகப் பெல்ட் இல்லை. கம்பைச் சுற்றச் சொன்னால், யார் தலையில் விழுகிறது என்பதிலிருந்தே தரம் தெரிந்துவிடும்.

பெல்ட்டால் பயனே இல்லை என்பதும் மிகை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நாற்பது பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கும் ஒரே ஒரு மாஸ்டருக்கு, யாருக்கு எந்தக் கட்டா (அசைவு வரிசை) சொல்லித்தர வேண்டும் என்பதை நிறம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. ஜூடோவில் விழத் தெரியாத பிள்ளையை, எதிராளியை எச்சரித்து, வெள்ளை பெல்ட் காப்பாற்றுகிறது. பெல்ட் டெஸ்ட் நாளில் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆறு வயதுப் பையனின் புது மஞ்சள் பெல்ட் இடுப்பை இருமுறை சுற்றியும் மீந்து முழங்காலுக்குக் கீழே ஊசலாடும். ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. மாஸ்டர் குனிந்து அவிழ்த்து, மறுபடி கட்டி, இரு முனையையும் இழுத்துச் சமன் செய்துவிடுவார். அந்தப் பையன் அடுத்த வகுப்புக்குத் தவறாமல் வருவான். வருகைப் பதிவேடு என்ற அளவில் பெல்ட்டை மிஞ்ச ஒன்றில்லை.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெல்ட் டெஸ்ட் எப்போது, கட்டணம் எவ்வளவு என்று மாஸ்டரைக் கேட்கிறீர்கள் அல்லவா, கூடவே இதையும் கேளுங்கள்: “போன டெஸ்ட்டில் எத்தனை பேர் பெயில், மாஸ்டர்?” ஒருவருமில்லை என்றால், பிள்ளைக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கிச் சான்றிதழை மாட்டுங்கள். நாலைந்து பேர் என்றால், அந்த வகுப்பிலேயே விட்டுவையுங்கள்.