பண்ணைத் தங்கலில் வெந்நீர் வரிசை: ஓர் உரைமரபு ஆய்வு

நகரத்துக் குடும்பம் ஒன்று சனிக்கிழமை காலை வேன் பிடித்துக் கிளம்பி, காசு கொடுத்து ஒரு தோப்புக்குள் தங்கி, ஞாயிறு மாலை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீடு திரும்புவது பண்ணைத் தங்கல் எனப்படும். இத்துறையில் முறையான ஆய்வு பெருகாமைக்குக் காரணம் ஆய்வாளர்களுக்கும் குடும்பம் இருப்பதே (பெரியப்பா, வாய்மொழி).

எமது ஆய்வுக்களம் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைப் பக்கம், ஆழியாற்று வாய்க்கால் பாயும் ஒரு தோட்டம். தென்னைகளுக்கு நடுவே ஓட்டுச் சாளை, ஒட்டினாற்போல் கட்டுத்தரை, தள்ளி நெல்வயல். இத்தாலியர் இவ்வகைத் தங்கலுக்கு 1985இலேயே சட்டம் போட்டுவிட்டனர். விருந்தாளி வரலாம், ஆனால் பண்ணையில் விவசாயமே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அச்சட்டத்தைப் படிக்காமலே எமது பண்ணைக்காரர் பின்பற்றினார்: மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்த பிறகுதான் எமக்குக் காபி வந்தது.

இனி, துணைப் பொருள்கள். சந்தகை, தேங்காய்ப்பால்: ஆய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. காங்கேயம் மாடு: குழந்தைகள் பயந்தன, மாடு பயப்படவில்லை. கயிற்றுக் கட்டில்: தகவலாளி தூங்கிவிட்டதால் நேர்காணல் முற்றுப்பெறவில்லை.

நிலம் எத்திணைக்குரியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலை தெரிவதால் குறிஞ்சி என்றார் சித்தப்பா. ஆடு மேய்வதால் முல்லை என்றாள் அத்தை மகள், கல்லூரியில் தமிழ் படிப்பவள். வயலும் வாய்க்காலும் இருக்கையில் மருதமே என்பது எமது துணிபு. தொல்காப்பியம் மருதத்துக்கு வகுத்த சிறுபொழுது வைகறையும் விடியலும், உரிப்பொருள் ஊடல். பண்ணையில் ஒரே ஒரு பாய்லர்தான் இருக்கும் என்பதைத் தொல்காப்பியர் எங்ஙனம் அறிந்தார் என்பது தனியொரு முனைவர் பட்டத்துக்குரிய பொருள். மருதத்து ஊடலுக்குப் பரத்தையைக் காரணம் காட்டிய உரையாசிரியர்கள், ஒன்பது பேருக்கு ஒரு குளியலறை உள்ள வீட்டில் தங்கியவர்களாகத் தெரியவில்லை.

அந்தப் பாய்லரை விளக்காமல் மேலே செல்ல இயலாது. செம்பில் செய்த உருளை. நடுவில் மேலும் கீழும் திறந்த ஒரு குழாய், அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். எரிப்பது தேங்காய் மட்டையும் பன்னாடையும். மேல்வாயில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கக் குழாயில் ஒரு வாளி வெந்நீர் வரும். ஆக, ஒருவர் வாளியை நிரப்பும்போதே அடுத்தவர் தண்ணீரை ஆறவைக்கிறார். முதல் ஆள் ஆவி பறக்கக் குளிப்பார், மூன்றாம் ஆளுக்கு வெதுவெதுப்பு, ஐந்தாம் ஆளுக்கு ஆழியாறு. மறுபடி மட்டை போட்டு ஊதிக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். அது இக்குடும்பத்தில் பெண் எடுத்த இடத்திலும் இல்லை, கொடுத்த இடத்திலும் இல்லை (அத்தை, வேனில் உரைத்தது, மறுப்பு: சித்தி, அதே வேன், பின் இருக்கை).

ஆகவே யார் முதலில் குளிப்பது என்பதே ஆய்வுச் சிக்கல். விடை கோழிக் கூண்டில் இருக்கிறது. சேவலின் கூவலை விடியல் வெளிச்சம் மட்டும் தூண்டுவதில்லை, உடலுக்குள் ஓடும் கடிகாரமும் தூண்டுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் நிறுவினர். கூட்டத்தில் தலைமைச் சேவலே முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி காத்திருந்து கூவும் என்பது 2015இல் வெளியான முடிவு. தலைமைச் சேவலைத் தூக்கிவிட்டால் இரண்டாவது சேவல் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். எமது களத்திலும் அச்சோதனை தற்செயலாக நிகழ்ந்தது. பெரியப்பா துண்டோடு வாய்க்கால் வரை காலாற நடந்தார். திரும்பி வருவதற்குள் சித்தப்பா உள்ளே தாழிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவின் சேவல் எதிர்ப்பையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். இருட்டிலேயே கூவிய சேவல்மீது வழக்குப் போட வேண்டும் என்பது அவர் வாதம். பிரான்சில் போட்டே பார்த்துவிட்டார்கள். ஒலெரான் தீவில் விடுமுறைக்கு வந்து தங்குபவர்கள் மொரீஸ் என்ற சேவலை நீதிமன்றத்துக்கு இழுத்தனர். 2019இல் சேவல் வென்றது. 2021இல் நாட்டுப்புற ஒலிகளையும் வாசனைகளையும் மரபுச் செல்வமாக ஏற்கும் சட்டமும் வந்தது. இதைச் சொன்னதும் சித்தப்பா மேல்முறையீட்டைக் கைவிட்டு, தலையணையைக் காதில் வைத்துக்கொண்டார்.

சேவல் கோட்பாட்டுக்கு ஒரே இடர் மாமியார். தகுதியில் முதல்வர், குளியலில் கடைசி. “நான் அப்புறமா குளிச்சுக்கறேன், நீங்க எல்லாம் ஆகட்டும்” என்ற அவர் வாக்கியத்துக்கு உரைகள் பல. மாப்பிள்ளை உரை சொற்பொருளோடு நிற்கும். அதனால் அவர் போய்க் குளித்துவிட்டார். மருமகள் உரை அதில் இறைச்சிப் பொருள் காணும்: ஒருவரும் ஆகக் கூடாது என்பது கருத்து. மூலம் மூன்று பதிப்புகளில் கிடைக்கிறது (மாமியார், ‘எனக்கென்ன’, முதற்பதிப்பு, விடியற்காலை, ‘எனக்கென்ன, பழகிப்போச்சு’, விரிவாக்கிய பதிப்பு, இட்லி நேரம், சுருக்கப் பதிப்பு, முகத்தை மட்டும் திருப்பியது, மதியம் முதல் ஊர் வரும் வரை. பெரியப்பா தமது முன்னுரையில் இதை இடைச்செருகல் என்பார், அத்தை அவர் முன்னுரையையே இடைச்செருகல் என்பார்).

மூன்று பதிப்பும் ஒருவர் வாக்குத்தானா, ஒரே பெயரில் மூன்று மாமியார்கள் இருந்தனரா என்பதைப் பன்னாட்டுக் கருத்தரங்கில் விவாதிக்க எண்ணம். மலேசியாவிலிருந்து ஒருவர் திரையில் தலைகாட்டி “நான் பேசுவது கேட்கிறதா?” என்று கேட்டுவிட்டால் கருத்தரங்கு பன்னாட்டினது ஆகிவிடும். கட்டுரை படிக்கக் கட்டணம் உண்டு. கேட்கக் கட்டணம் இல்லை, ஆளும் இல்லை. பதவி உயர்வுக்கு அது தடையுமன்று.

இறுதியாக, தரவில் ஒரு பிறழ்வு. பண்ணைக்காரரின் ஆத்தா, எந்தச் சேவலும் கூவுமுன்பே எழுந்து, மோட்டார்த் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, எங்களுக்காகப் பாய்லருக்கு மட்டை போட்டுக்கொண்டிருந்தார். இதனால் கோட்பாடு முழுவதும் ஆட்டம் காண்பதால், அவரிடம் வினாநிரலை நீட்டினோம். “குளிக்க வந்தீங்களா, பரீச்சை எழுத வந்தீங்களா கண்ணு? தண்ணி ஆறுது, போங்க” என்றார்.

ஆய்வு நெறிக்கு ஒவ்வாத விடை. தரவிலிருந்து ஆத்தா நீக்கப்பட்டார்.