கரித்துணி சாஸ்திரம்

அண்ட சராசரங்களையெல்லாம் ஆராய்ந்து தீர்த்துவிட்ட பண்டித உலகம், அடுப்பங்கரையில் மடிந்து கிடக்கும் கரித்துணியின் பூர்வோத்தரங்களை இன்றளவும் விசாரியாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது. வீட்டில் குப்பை பெருகுகிறதே, கடையில் பணம் கரைகிறதே என்று சகலரும் விசனப்படும் இக்காலத்தில், அவ்விரண்டுக்கும் சத்தமின்றிப் பரிகாரம் கண்டிருந்த ஒரு வஸ்துவை அலட்சியம் செய்வது நியாயமாகாது.

கரித்துணி கடையில் பிறப்பதில்லை. கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் போய்வந்த எட்டு முழ வேஷ்டி, உட்காரும் இடத்தில் இழைவிட்டதும் நைந்த பாகம் கழிந்து நாலு முழமாகி, வீட்டுக்குள் உடுக்கும் அந்தஸ்தை அடைகிறது. அதுவும் தளர்ந்தால் துண்டு. அதற்கப்பால்தான் அதன் உத்தியோக ஜீவிதமே ஆரம்பமாகிறது என்பது என் சித்தாந்தம்.

இதற்குப் பிரமாணம் சித்திரை மாதத்து மொட்டை மாடி. கூழ் வடகம் இடுவதற்குப் புது வேஷ்டியை விரிக்க எந்தப் பாட்டியும் இசையமாட்டாள். கஞ்சி முறுக்குத் தீராத துணி கூழோடு இணங்கிப் போகாது, சாயத்துணியோ தன் நிறத்தை வடகத்துக்குத் தானம் செய்துவிடும். பல்லாண்டு துவைகல்லில் அடிபட்டு அகங்காரம் முழுவதும் தீர்ந்த வெள்ளைப் பருத்தி வேஷ்டி ஒன்றுதான், கூழை ஏந்திக்கொள்ளவும், காய்ந்தபின் முதுகில் தண்ணீர் தெளித்தவுடன் வடகத்தை உடையாமல் விட்டுக்கொடுக்கவும் வேண்டிய பக்குவத்தைப் பெற்றிருக்கிறது. (காக்கைகளை மிரட்டக் கறுப்புக் குடையை அருகில் விரித்து வைக்கும் மரபு தனி ஆராய்ச்சிக்குரியது.)

தூளி, இட்லித் துணி, ஊறுகாய் ஜாடியின் வாய்க்கு வேடு ஆகிய இடைநிலைப் பதவிகளில் அபிப்பிராய பேதம் இல்லை. விவாதம் எழுவது கடைசிக் கட்டத்தில்தான். கரித்துணி தரைத்துணியாகலாம், தரைத்துணி ஒருக்காலும் கரித்துணியாகலாகாது என்பது சர்வ சம்மதமான விதி. ஆனால், தரைக்கு இறங்கவேண்டிய வேஷ்டியிலிருந்து ஓர் இழுப்புக் கிழித்துத் திரியாக முறுக்கி விளக்கில் ஏற்றிவிடும் வீடுகளும் இருக்கின்றன. உடுத்த துணி பூஜைக்கு ஆகாது என்று ஒரு கட்சி ஆட்சேபிக்கிறது. நான் விளக்குக் கட்சி.

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் பயின்று, காந்தியடிகளைச் சார்ந்த ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் செல்வம் வேறு, ஆண்டுதோறும் விளைந்து புதுப்பிக்கப்படும் செல்வம் வேறு என்று அவர் பாகுபாடு செய்த மூலத்துக்கு, நம் பாட்டிமார் முன்கூட்டியே உரை எழுதி அடுப்பங்கரையில் போட்டுவைத்திருந்தார்கள் என்றே கொள்ளவேண்டும்.

பூர்வபக்ஷமாக நிற்பது பாலியெஸ்டர் வேஷ்டி. கசங்காது, இஸ்திரி கேட்காது, நெடுநாள் உழைக்கும் என்னும் புகழெல்லாம் மெய்யே. ஆயினும் பூமிக்கடியிலுள்ள எண்ணெயிலிருந்து பிறந்த அந்த இழை, கொட்டிய காப்பியைக் குடிக்காமல் தள்ளிக்கொண்டே போகிறது. நெருப்பில் நன்றாகக் காய்ந்த பாத்திரத்தைப் பிடித்தாலோ உருகிக் கையோடு ஒட்டவும் கூடும். வேஷ்டிப் பதவியோடு அதன் வம்சம் முடிந்துவிடுவதால், துடைப்பதற்கென்று ஒரு துணியும், பிடிப்பதற்கென்று ஓர் உறையும், வடகத்துக்கென்று ஒரு பிளாஸ்டிக் தாளும் விலைக்கு வாங்க நேர்கிறது. அவை யாவும் சில மாதங்களில் குப்பைத்தொட்டியில் சந்தித்துக்கொள்கின்றன. இதற்கிடையில், மோட்டார் பட்டறைக்காரர்கள் மட்டும் கிரீஸ் துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட்டைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். கரித்துணியின் மகத்துவத்தை விலை கொடுத்து அங்கீகரித்தவர்கள் அவர்களே.

ஆகையால், ஜவுளிக்கடையில் வேஷ்டி எடுப்பவர் சரிகைக் கரையை மெச்சுவதற்கு முன்பு, ஒரு மூலையைத் தண்ணீரில் நனைத்துப் பார்க்க அனுமதி கோருவது சாஸ்திர சம்மதமாகும். கடைக்காரர் சம்மதிப்பாரா என்பது வேறு சாஸ்திரம்.