திருவள்ளூர் ஜப்பான்காரன்

எங்கள் மாவட்டத்துக்குக் கார் பைத்தியம் பரம்பரை நோய். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் சோழவரம் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அங்கே உண்டு. விமானங்கள் போனபின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் காரை விரட்டியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை எங்கள் பக்கத்தில் ரேஸ் என்றால் சோழவரம்தான். என் தாய்மாமன் கட்டுச்சோற்றோடு போவார். நாள் முழுக்கப் புழுதியைத் தின்றுவிட்டு, சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவருவார். அந்த ரத்தம் எனக்கும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

என் நோய் முற்றிய இடம் அதிகத்தூர். திருவள்ளூரை ஒட்டிய அந்த ஊரில்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-இல் மிட்சுபிஷி லேன்சரைச் செய்ய ஆரம்பித்தது. அம்பாசிடரைப் பெற்ற வயிற்றில் இப்படியொரு பிள்ளையா என்று வாயைப் பிளந்தோம். நான் அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அப்ரன்டிஸ். சைக்கிளுக்கு டியூப் மாற்றவே யோசிக்கிற ஆள். அதே காலத்தில் பின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் லேன்சர் எவல்யூஷன் ஓட்டி, 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி சாம்பியன் ஆனார். அண்ணன் தம்பிக்கு முகஜாடை ஒன்றுதான். அண்ணனுக்கு டர்போவும் 280 குதிரைத்திறனும். நம் திருவள்ளூர்த் தம்பிக்கு 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், குதிரைகள் 90-ஐத் தொடாது. நான்கு கதவு, பெரிய டிக்கி. இதுவா ஸ்போர்ட்ஸ் கார் என்பான் மைத்துனன். கல்யாணம் ஆனவனுக்கு வாய்க்கிற ஸ்போர்ட்ஸ் கார் இதுதானடா என்பேன்.

ஒருவழியாக 1999 மாடல் ஒன்று அகப்பட்டது. "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றார் விற்றவர். தமிழ்நாட்டில் செகண்ட் ஹேண்ட் கார் எல்லாமே டாக்டர் ஓட்டியவைதான். அவர்கள் எப்போது நோயாளியைப் பார்க்கிறார்களோ!

டிங்கர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. விரல் முட்டியை மடக்கிக் கதவில் மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங், ணங். கைப்பிடிக்குக் கீழே வந்ததும் தொப். "இங்கேர்ந்து பட்டி சார்." சுரண்டினால் பட்டிக்கு அடியில் தகரத்தையே காணோம். மடித்துத் திணித்த செய்தித்தாள், இன்னும் படிக்கிற நிலையில். "டாக்டர் வண்டிதான் சார், கட்டுப் போட்டிருக்காரு" என்றார்.

அதிகத்தூரில் பிறந்தவனுக்கு அக்கம்பக்கத்தில் சாமான் கிடையாது. சென்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் "லேன்சரா?" என்று கேட்டு, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு டீ வாங்கிக் கொடுத்தார்கள். வழி சொன்னவர் மெக்கானிக். மலேசியாவில் 1993 முதல் செய்த புரோட்டான் வீரா, முந்தைய தலைமுறை லேன்சரை வைத்துக் கட்டிய கார். எஞ்சின் சாமான் பலவும் ஒத்துப்போகுமாம். கிள்ளானில் இருக்கும் மனைவியின் அத்தை மகனைப் பிடித்தேன். "என்னலா மச்சான், எங்க ஊர்ல கோழி ஏத்துற வண்டிலா அது!" என்று சிரித்தார். இருந்தாலும் ஊருக்கு வரும்போது மைலோ பொட்டலங்களுக்கு நடுவே டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் வந்தன. எஞ்சின் மவுன்டிங் பாத்திக் கைலியில் சுற்றி வந்தது. கைலி எனக்கா, மவுன்டிங்குக்கா என்று மனைவி கேட்ட கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

மலேசியாவும் கைவிட்டதை சிப்காட் லேத் பட்டறையில் கடைந்தோம். கியர் லிவர் புஷ் தேய்ந்துபோய், மூன்றாவது கியர் ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தது. லேத்காரர் பழைய புஷ்ஷை வெர்னியரில் அளந்தார். இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் ஓர் அளவு. "இதுல எது சரி சார்?" "ரெண்டும் தப்பு." நைலான் ராடை மாட்டி, கொஞ்சம் கடைவார், கழற்றிப் பொருத்திப் பார்ப்பார், மறுபடி கடைவார். கியர் 'க்ளிக்' என்று விழுந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாக்கினெனே தோற்றார்!

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் தாங்காதென்று எரிபொருள் லைன் முழுவதையும் மாற்றினோம். எங்கள் தெருவில் சாராயம் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆண்பிள்ளை அவன்தான். பெயின்ட் வெள்ளை. இரும்பு உருக்கும் ஆலைகள் நிறைந்த ஊரில் விடிந்தால் காப்பிக் கலர். "கலர் மாத்திட்டீங்களா?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர், தினமும்.

பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். "புது வண்டியாம்மா?" என்றார் பூசாரி. "புதுக் கடன்" என்றாள் மனைவி.

இந்த வயது வண்டிக்குப் பசுமை வரி உண்டு. 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்காகப் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கைகட்டி நிற்கவும் வேண்டும். 2021-இல் மத்திய அரசு வின்டேஜ் விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டி, உருமாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். அன்றாடம் ஓட்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

"நம்ம வண்டி 2049-ல வின்டேஜ்" என்றேன் பெருமையாக.

மனைவி விரல்விட்டு எண்ணினாள். "அப்ப உங்களுக்கு எழுபது. அதுக்கு வி.ஏ. போர்டு கிடைச்சுடும். உங்களுக்கு எஃப்.சி. கிடைக்குமா?"