காட்டுச் சம்பந்தம்

கேள்வி: எண்ணெய் தரும் நல்ல சூரியகாந்தி கையில் இருக்கும்போது, களையாய் முளைக்கும் காட்டுச் சூரியகாந்தியோடு விஞ்ஞானிகள் அதை ஏன் ஒட்டுச் சேர்க்கிறார்கள்?

பதில்: பயிரிடம் செல்வம் இருக்கிறது, காட்டுச் செடியிடம் துணிச்சல் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சம்பந்தம்!

ஒரு சூரியகாந்திப் பூ என்பது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். நடுவட்டத்தில் உள்ள ஒவ்வொன்றிலும் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. இரண்டு ரகங்களைச் சேர்த்து வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டுமானால், தாய்ச் செடியில் சொந்த மகரந்தம் இருக்கக் கூடாது. வயல் முழுக்க இடுக்கியோடு உட்கார்ந்து ஆண் பாகங்களைப் பிடுங்க யாரால் முடியும்?

1969இல் பிரான்சின் பயிர் விஞ்ஞானி லெக்லெர்க், வட அமெரிக்காவின் 'பெட்டியோலாரிஸ்' என்ற காட்டு இனத்தைப் பயிரோடு சேர்த்தார். அந்த வம்சத்தில் மகரந்தமே தராத செடிகள் கிடைத்தன. பக்கத்து வரிசையிலிருந்து தேனீ மகரந்தம் கொண்டுவந்தால் போதும், அத்தனையும் ஒட்டு விதை! உலகெங்கும் விளையும் வீரிய ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்தச் செடிகள்தான்.

1996இல் அமெரிக்காவின் கான்சாஸில், ஏழு ஆண்டுகள் தொடர்ந்து களைக்கொல்லி அடித்த சோயா வயலில் காட்டுச் சூரியகாந்தி அசராமல் நின்றது. அந்தக் குணமும் இன்று பயிருக்குள் வந்துவிட்டது.

ஆனால் காட்டுச் செடியின் நல்ல குணத்தோடு சிறிய பூ, பல கிளை, உதிரும் விதை எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பயிரோடு தலைமுறை தலைமுறையாகத் திரும்பச் சேர்த்துத்தான் அவற்றைக் கழிக்க வேண்டும். பொறுமை வேண்டும், அதைவிட முக்கியமாக, காட்டுச் செடிகள் அழியாமல் இருக்க வேண்டும். நாளைய நோய்க்கு மருந்து அவற்றிடம்தான் இருக்கக்கூடும்.