சப்பாத்து அண்ணை

நோர்வேயில் நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற ஊர் என்றால் அங்கே ஒரு சப்பாத்து அண்ணை இருப்பார். ஆனாலும் பேர்கன் நகரத்து அண்ணைதான் அந்த இனத்தின் தலைமகன். அதில் அவருடைய திறமை பாதி, ஊருடைய புண்ணியம் பாதி. ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். கடலிலிருந்து கிளம்பும் முகிலெல்லாம் அங்கே வந்து முட்டித்தான் இறக்கிவைக்கும். ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல் மழை. யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான், அதுவும் பெரும்பகுதி மாரியோடு முடிந்துவிடும். பேர்கனில் 2006 ஒக்ரோபர் கடைசியில் பிடித்த மழை ஒரு நாள் தவறாமல் 85 நாள் பெய்து, 2007 ஜனவரியில்தான் விட்டது. அந்த 85 நாளைப் பற்றி அண்ணை பேசும்போது, பறிபோன பொற்காலத்தை நினைக்கிறவரின் குரல் வந்துவிடும்.

அண்ணை யாரையும் முகம் பார்த்து விசாரிப்பதில்லை. கண் நேரே காலுக்குப் போகும். ஊரிலிருந்து புதிதாக வந்த பெடியன் என்றால் எப்ப வந்தனீர், ஆற்றை மகன் என்பதெல்லாம் பிறகு.

“உதென்ன விலை குடுத்தனீர்?”

பெடியன் விலையைச் சொல்வான். அண்ணை கண்ணை மூடித் திறப்பார்.

“எங்கை, நாக்கைக் காட்டும்.”

பெடியன் பயந்துபோய் நாக்கை நீட்டுவான். அண்ணை கேட்டது சப்பாத்தின் நாக்கை. அது இரண்டு பக்கமும் மேல்வரை சேர்த்துத் தைத்திருக்கிறதா, சும்மா தொங்குகிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும். சும்மா தொங்கினால், அடிப்பாகம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. கயிறு கட்டும் இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். அன்றைக்கே அந்தப் பெடியனின் சனிக்கிழமை அண்ணைக்கு எழுதிவைக்கப்பட்டுவிடும்.

கடைக்குப் பின்னேரம்தான் போக வேண்டும். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் காலின் உண்மையான அளவு என்பது அண்ணையின் கட்சி. தடித்த கம்பளிச் சொக்ஸ் ஒரு சோடி அவருடைய பொக்கெற்றிலேயே இருக்கும். அதைப் போட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும், அரை அளவு கூட எடுக்க வேண்டும். பருத்திச் சொக்ஸோடு வருகிறவனை அவர் மன்னிப்பதில்லை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். பருத்தி நனைந்தால் ஈரத்தையும் குளிரையும் காலோடு சேர்த்துக் கட்டிவைக்கும். இதில் அண்ணை சொல்வது முழுக்கச் சரி. அவரோடு சண்டை பிடிக்க முடியாமல் இருப்பதற்குக் காரணமே, அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதுதான்.

கோர்டெக்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் அண்ணை எழுந்து நின்றுவிடுவார். ஒட்டாத தோசைச்சட்டியில் பூசுகிறார்களே டெஃப்லான், அதன் மூலப்பொருளை 1969இல் பொப் கோர் என்கிற அமெரிக்கர் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்திருக்கிறார். அறுந்து அறுந்து போனது. ஆத்திரத்தில் சடாரென்று ஒரே இழுவை. அறாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே எண்ணற்ற நுண்துளைகள் விழுந்தன. நீர்த்துளி நுழைய முடியாது, வேர்வை ஆவியாகி வெளியேறலாம். அதுதான் கோர்டெக்ஸ். அண்ணை சொல்லும் இந்தக் கதையில் அந்த ‘சடாரென்று’ வருமிடத்தில் பக்கத்தில் இருப்பவரின் சால்வை ஆபத்தில் இருக்கும். ஒரு பிறந்தநாள் விழாவில் குழந்தைக்கு வந்த பலூனை எடுத்து விளக்கினார். குழந்தை விஞ்ஞானத்தை வெறுத்தது.

இரண்டு வருடம் கழித்து அதே பெடியன் வருவான். “அண்ணை, நீங்கள் சொன்ன சப்பாத்து ஒழுகுது.”

“ஒழுகேல்லை. உது உம்மடை வேர்வை.”

அவமானமாகத்தான் இருக்கும், ஆனால் அதிலும் விசயம் உண்டு. மேல்துணியில் தண்ணீர் உருண்டு ஓடுவதற்காகப் பூசிய பூச்சு அழுக்கிலும் தேய்மானத்திலும் போய்விட்டால், துணி நீரைக் குடித்துக் கனத்துவிடும். உள்ளிருக்கும் ஆவிக்குப் போக வழியில்லை. வெளித்தண்ணீர் வராமலே கால் நனையும். கழுவி, புதுப் பூச்சுத் தெளிக்க வேண்டும். ஹீற்றருக்கு மேல் காயவைத்தால் பசை விடும், தோல் வெடிக்கும். உள்ளே பத்திரிகைத்தாள் அடைத்துவைக்க வேண்டும். அண்ணை ‘பேர்கன்ஸ் தீதெண்டே’ நாளிதழுக்குச் சந்தா கட்டுவது செய்திக்காக அல்ல என்பது ஊரறிந்த சங்கதி.

அண்ணையின் மனைவி, எங்களுக்கு அக்கா. அக்காவின் கதை வேறு. அவர் என்றைக்கோ மலிவு விற்பனையில் வாங்கிய பச்சை றப்பர் பூட்ஸை இன்னும் போடுகிறார். பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, பூட்ஸோடு மழைக்குள் இறங்கி, விழா நடக்கும் பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் பையிலிருந்து செருப்பை எடுத்து மாற்றிக்கொள்வார். கால் நனைந்ததாக ஒரு நாளும் முறையிட்டதில்லை. அண்ணைக்கு இது பெரிய மனக்குறை. “றப்பர் வெளியாலை விடாது எண்டது உண்மை, உள்ளாலையும் விடாதே!” என்பார். கைத்தொலைபேசி விற்ற நொக்கியா ஒரு காலத்தில் றப்பர் பூட்ஸும் விற்றது என்பதைச் சொல்லி, அதைத் தன் கட்சிக்குச் சாதகமாக எப்படியோ திருப்புவார். எப்படி என்று இன்னும் யாருக்கும் விளங்கவில்லை.

நோர்வேக்காரரும் நம்மவரைப் போலவே வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். தமிழர் வீட்டு விசேஷம் என்றால் வாசலில் அறுபது எழுபது சோடி குவிந்துவிடும். அண்ணை உள்ளே வரப் பிந்துவார். வெளியே குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டி அடி தேய்ந்ததைப் பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார். சோறு ஆறும்.

போன மாரியில் அப்படியொரு வீட்டிலிருந்து எல்லோரும் கிளம்பும் நேரம் அண்ணையின் சோடியைக் காணவில்லை. அதே நிறத்தில் வேறொரு சோடி கிடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அண்ணை குனிந்து எடுத்தார், நாக்கைப் பார்த்தார், உள்ளே கையை விட்டுத் தடவினார், மணந்தும் பார்த்தார்.

“அரை அளவு பெரிசா எடுத்திருக்கு. மெழுகு நேற்றுத்தான் பூசியிருக்கு. கொண்டுபோனவர் விசயம் தெரிஞ்ச ஆள்.”

அக்கா றப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்தபடி கேட்டார்: “விசயம் தெரிஞ்ச ஆள் உங்கடையைக் கொண்டுபோவாரே?”