டபுள் எல், டபுள் ஈ

எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிப்பவர்கள் மொத்தம் ஐந்து பேர். பள்ளிக்கூடம் போவது பேத்தி மட்டும். மற்ற நான்கு பேரும் சாயங்காலம் ஆறரைக்கு மேல், திருமுல்லைவாயிலில் வீட்டிலிருந்தபடியே படிக்கிறோம். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் மருமகள் பொறுப்பு. தமிழ், பாட்டி. கணக்கு, மகன். அவன் அம்பத்தூர் எஸ்டேட் டிராஃபிக்கைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பாப்பா தூங்கிவிடுவதால் அந்தப் பாடத்தில் இதுவரை புகார் எதுவும் இல்லை. பென்சில் சீவுவதும் ரப்பர் தேடுவதும் என் இலாகா.

இப்போதெல்லாம் எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாதாம், ஓசையைச் சொல்ல வேண்டுமாம். ஃபோனிக்ஸ். நாங்கள் 'சி ஏ டி கேட், கேட்னா பூனை' என்று ராகம் போட்டுப் படித்து, அந்த இங்கிலீஷிலேயே ரிட்டயர்மெண்ட் வரை லீவ் லெட்டர் எழுதியவர்கள். இன்றைக்கு சி என்றால் 'க்'. மூன்று ஓசையைக் கூட்டினால் பூனை தானே வரும். வரத்தான் செய்கிறது, குறை சொல்ல முடியாது. அந்த வேகத்தில் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து 'கினிமா' என்றாள் பாப்பா. "அங்க மட்டும் 'ஸ்'டா" என்றாள் மருமகள். "ஏன்?" மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பென்சில் சீவப் போய்விட்டேன். சி-க்குப் பின்னால் ஈ, ஐ, ஒய் வந்தால் 'ஸ்' என்று அவள் யூடியூபில் கண்டுபிடிப்பதற்குள் பாப்பாவுக்குப் பசி வந்துவிட்டது.

தமிழில் இந்தத் தகராறே கிடையாது என்று பாட்டிக்குப் பெருமை. எழுத்து 247 இருந்தால் என்ன, ட, ப, ம என்று மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். அப்படித்தான் ஆரம்பித்தாள், ஜோராகப் போயிற்று. கொம்பில் வந்து முட்டிக்கொண்டது.

"பாட்டி, 'கெ'ன்னு சொல்றப்ப 'க்'தான் முதல்ல வருது. எழுதறப்ப மட்டும் கொம்பு ஏன் முன்னாடி?"

"கொம்பு எப்பவும் முன்னாடிதான்டி இருக்கும். மாட்டைப் பாரு."

இதைவிட நல்ல இலக்கண விளக்கம் எந்தப் புலவரும் தந்ததில்லை. ஆனால் ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதற்கு மாட்டிடம் பதில் இல்லை. பழைய நாளில் எ, ஒ என்ற குறில்களுக்குப் புள்ளி வைப்பது வழக்கம். ஓலையில் புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்று பலர் வைக்காமலே விட, குறிலா நெடிலா என்று படிப்பவர் பாடு திண்டாட்டம். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் கொம்பை மேலே சுழித்துவிட்டு நெடிலுக்குத் தனி அடையாளம் தந்தார். முனிவர் பட்ட பாடு எங்கள் வீட்டு இரட்டைக்கோடு நோட்டுக்கு வந்து சேரவில்லை. 'தாத்தா கடைக்குப் போய்க் கேட்டார்' என்று பாட்டி டிக்டேஷன் சொன்னாள். பாப்பா எழுதியது: 'தாத்தா கடைக்குப் போய்க் கெட்டார்.' பாட்டி சிவப்புப் பேனாவைத் திறந்தாள், கொஞ்சம் யோசித்தாள், மூடி வைத்துவிட்டாள்.

எனக்கும் ஒரு நாள் தமிழ் வகுப்பு கிடைத்தது. 'தலை' என்று எழுதிக் காட்டினேன். "லை-க்கு ஏன் தாத்தா தும்பிக்கை?" நான் படித்த லை-க்குத் தும்பிக்கை உண்டு. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை வெட்டியபோது நான் ஸ்கூலை முடித்தாகிவிட்டது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' பத்திரிகையில் புது எழுத்தைப் புழங்க ஆரம்பித்துவிட்டார். அரசாணை வர 43 வருஷம். ஒரு வளைவை நிமிர்த்த அரசாங்கத்துக்கே அவ்வளவு காலம் ஆகும்போது, இங்கிலீஷ் பி-யையும் டி-யையும் திருப்பிப் போடுகிற ஆறு வயதுப் பெண் அரையாண்டுத் தேர்வுக்குள் திருந்த வேண்டும் என்பது என்ன நியாயம் என்று மருமகளைக் கேட்டேன். "மாமா, ரப்பரைப் பாத்தீங்களா?" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளி. 2022 ஜூனில் எங்கள் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தாரே, 'எண்ணும் எழுத்தும்', அதில் படிக்கிறான். பாட்டும் கதையுமாகப் பாடம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் வீட்டில் யார் எந்த நிலை என்று கேட்டாள் பாப்பா. "நீ மொட்டு, உங்கப்பா அரும்பு, தாத்தா சருகு" என்றாள் பாட்டி.

சருகின் வகுப்பு ரோட்டில்தான் நடக்கும். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் போதும், சி.டி.எச். ரோடு முழுக்கப் பாடப் புத்தகம். லூகாஸ், பிரிட்டானியா, டன்லப் என்று எங்கள் பக்கத்து ஸ்டாப்பெல்லாம் கம்பெனி பேர்கள். டன்லப்பில் டயர் செய்வது நின்று எத்தனையோ வருஷமாயிற்று. கண்டக்டர் மட்டும் இன்னும் ஆள் இறக்கிக்கொண்டிருக்கிறார். சிக்கல் பூந்தமல்லியில். போர்டைத் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இங்கிலீஷுக்குத் தாவினாள் பாப்பா. பி டபுள் ஓ என் ஏ எம் ஏ டபுள் எல் டபுள் ஈ. "தாத்தா, 'ந்த' எங்க?"

வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றேன். மீட்கிற முயற்சியும் நடந்தது. 2020 ஜூனில் அரசு 1,018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. வேலூரை வி டபுள் ஈ போட்டு வீலூராக்கினார்கள். பூந்தமல்லி பூவிருந்தவல்லி ஆனது. பதினோரு எழுத்து பதினாறாயிற்று. ஊரே சிரித்ததில் பத்து நாளுக்குள் ஆணையை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் அரசாங்கம் அறியாமல் காட்டிய கருணை அது.

இப்போது மளிகை லிஸ்ட் எழுதுவது பாப்பாதான். இதில் மார்க் கிடையாது, சாமான் வந்தால் பாஸ். 'உலுந்து', 'வெள்ளம்' என்று எழுதிக்கொடுத்தாலும் அண்ணாச்சி உளுந்தும் வெல்லமும் சரியாகத்தான் கட்டுகிறார். போன வாரம் அவள் நிமிர்ந்து கடை போர்டைப் படித்தாள். 'மலிகை'.

"அண்ணாச்சி, இதுக்குப் பள்ளிக்கூடத்து ள வரும்."

"பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவுன்னு ரேட்டு பேசினான் பாப்பா. ள-வுக்குக் கூட ஆகும்ன்னான்."

"அப்போ ழ-வுக்கு?"

"அதெல்லாம் நகைக்கடைக்காரங்க போடுற எழுத்து" என்றபடி வெல்லத்தை நிறுத்தார் அண்ணாச்சி.